புதுக் கறுப்புப் பூச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பழைய எம்எக்ஸ்-5 வாங்குபவர்கள் கவனத்துக்கு

பிரிட்டனில் இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 (மடக்குக் கூரையுள்ள இரண்டு இருக்கைக் கார், 1998 முதல் 2005 வரை வந்தது) வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

சமீபத்தில் ஒரு சிறு வியாபாரியிடமிருந்து இப்படி ஒரு கார் கைமாறியது. பெயிண்ட் பளபளவென்று இருந்தது. எம்ஓடி (வருடாந்திரக் கட்டாயச் சோதனை) எடுத்து இரண்டே வாரம், அதில் ஒரு அட்வைசரிகூட (ஃபெயில் ஆக்காமல் தரும் எச்சரிக்கைக் குறிப்பு) இல்லை. அடிப்பாகம் முழுக்கப் புதிதாக அண்டர்சீல் (துரு தடுக்கும் கறுப்புப் பூச்சு) அடித்திருந்தார்கள். "துருப்பிடிக்கக் கூடாதென்று நாங்களே செலவு செய்தோம்" என்று சொல்லி, விலையையும் கூட்டி வாங்கினார்கள். மூன்றாம் மாதம் பிரேக் வேலைக்காக லிஃப்டில் ஏற்றியபோது, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. கறுப்பைச் சுரண்டியதும் தெரிந்தது பட்டி, அதாவது ஓட்டையை அடைக்கும் பசை. பட்டிக்கு அடியில் அலுமினிய டேப். டேப்பை உரித்தால், விரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிரும் தகடு.

"எம்ஓடி பாஸ் ஆன கார்தானே?" என்று கேட்கலாம். எம்ஓடி சோதகர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் முடிவு சொல்வார். சீட் பெல்ட் பிடிமானத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு பலமிழக்கும் அளவுக்கு அரித்திருந்தால் ஃபெயில். அங்கே பட்டி பூசி ஒப்பேற்றுவதும் செல்லாது, வெல்டிங்தான் வேண்டும். ஆனால் கெட்டியான கறுப்புப் பூச்சுக்கு அடியில் இருப்பது அவர் கண்ணில் படாது. அந்தப் பூச்சின் வேலையே அதுதான்.

ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே காரின் நம்பரைப் போட்டு அரசுத் தளத்தில் பழைய எம்ஓடி பதிவுகளைப் பாருங்கள். 2005 முதலான பதிவுகள் இலவசமாகக் கிடைக்கும். மைல் கணக்கு மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒரு வருடம் "சில்லில் துரு" (சில் என்பது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு) என்ற அட்வைசரி, அடுத்த வருடம் அது காணாமல் போயிருக்கிறது என்றால், நடுவில் வெல்டிங் செய்த பில் இருந்தாக வேண்டும். பில்லும் படங்களும் இல்லையென்றால் அந்தக் கார் வேண்டாம்.

சில் பெரும்பாலும் பின்சக்கரத்தை ஒட்டிய கடைசி ஓர் அடியில்தான் அரிக்கும். மடக்குக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வடிகால் துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் தேங்கி, தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்டில் கொப்புளம் எழும்போது உள்பக்கம் போயே போயிருக்கும்.

ஒரு கப் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். சில நொடிகளில் கீழே கொட்ட வேண்டும். வராவிட்டால் இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கி, ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். பிறகு துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைச் சில்லின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நகர்த்துங்கள். அண்டர்சீல் இருந்தாலே காந்தத்தின் பிடி கொஞ்சம் தளரும் என்பதால், முன்பக்கம் எப்படிப் பிடிக்கிறது, பின்பக்கம் எப்படிப் பிடிக்கிறது என்று ஒப்பிட வேண்டும். பின்பக்கம் வழுக்கி விழுந்தால் அங்கே இருப்பது பட்டி.

இந்தத் தலைமுறையில் இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு: முன்பக்கச் சேஸிஸ் ரெயில் (இன்ஜின் பக்கமாக நீளவாக்கில் ஓடும் சட்டம்). ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) பிடிமானத்தை ஒட்டி அங்கே இரட்டைத் தகடு. நடுவில் நீர் புகுந்தால் வெளியேற வழியில்லை, தகடு உள்ளிருந்து வீங்கி வெடிக்கும். இன்ஜினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும். அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. இரண்டு பக்கமும் போயிருந்தால் வெல்டிங் செலவு காரின் விலையையே தாண்டக்கூடும். அருகிலுள்ள கராஜில் லிஃப்டுக்கு நானே பணம் கட்டுகிறேன் என்று நீங்கள் சொல்லியும் விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கேயே விடைபெறுங்கள்.

இன்ஜின் அவ்வளவு பயப்படுத்தாது. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லி இன்னொரு நாள் வாருங்கள். டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, பில்லைக் கேளுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (திரவ அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் சிறு சிலிண்டர்) கசிவது இந்தக் காரில் சகஜம். ரப்பர் உறையை விலக்கினால் ஈரம் தெரியும். அது சின்னச் செலவுதான். டிக்கியில் இருக்கும் பேட்டரியைத் தூக்கி, அடித்தகட்டை அமிலம் தின்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடன் பாக்கி, விபத்து வரலாறு இரண்டுக்கும் கட்டணச் சோதனை எடுத்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்ட, ஆனால் பழுது பார்க்கக்கூடிய காருக்கு 2017 அக்டோபரிலிருந்து 'எஸ்' (S) என்றால் கட்டமைப்புச் சேதம், 'என்' (N) என்றால் கட்டமைப்பைத் தொடாத சேதம். அதற்கு முந்தைய பதிவுகளில் சி, டி என்று இருக்கும். வி5சி (காரின் பதிவுப் புத்தகம்) என்பது காரின் சொந்தக்காரர் யார் என்பதற்கான சான்று அல்ல.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்: வியாபாரியிடம் வாங்கியதென்றால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அது தாண்டி ஆறு மாதத்துக்குள் என்றால், பழுது பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். சரியாகவில்லையென்றால் அப்போது திருப்பிக் கொடுக்கலாம். விற்றபோது குறை இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். தனிநபரிடம் வாங்கியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. போனில் பேசாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். கராஜில் அந்தத் தகட்டை வெட்டி எறிவதற்கு முன்னால், டேப்பும் பட்டியும் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.