ரோல் பாரின் அடியில் தகடே இல்லை: சின்ன ஸ்போர்ட்ஸ் காரை டிராக்குக்குத் தயார் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்2 மாதிரி சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, வார நாளில் வேலைக்கும் சனி ஞாயிறில் பந்தய டிராக்குக்கும் ஓட்டுகிறவர்கள் டர்பனிலும் ஜோகானஸ்பர்க்கிலும் நம் ஆட்களிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் காரையும் அப்படித் தயார் செய்ய ஒரு கடையில் கொடுத்தேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். உயிரைக் காப்பாற்ற வேண்டிய வேலைகளைச் செய்ததாகப் பில் போட்டுவிட்டு, அவற்றைச் செய்யாமலேயே சாவியைக் கையில் கொடுத்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

என்னுடையது எம்எக்ஸ்-5-இன் இரண்டாம் தலைமுறை, 1998இல் வந்த உடல், 1.8 லிட்டர் எஞ்சின். எடை ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், பின் சக்கர டிரைவ். ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே காரை வைத்துக்கொள்ள நினைத்தால் இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். எடை குறைவு என்பதால் டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயாது, பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும்.

எங்கள் குவாசுலு-நட்டாலில் டிராக் அதிகம் இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த ராய் ஹெஸ்கெத் 1981இலேயே மூடப்பட்டுவிட்டது. போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸ்ஸி இருக்கிறது. கயலாமி, ஸ்வார்ட்காப்ஸ், ரெட் ஸ்டார் டிராக்குகள் எல்லாம் மேலே ஜோகானஸ்பர்க் இருக்கும் ஹவ்டெங் மாகாணத்தின் பக்கம். அதனால் பந்தயக் கார் வேலை தெரிந்த ஒர்க்‌ஷாப்புகளும் பெரும்பாலும் அங்கேதான். நானும் ஜோகானஸ்பர்க் பக்கம் உள்ள ஒரு கடைக்குப் போனேன். பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

கடைக்காரர் தமிழ் பேசுகிறவர், நல்ல பேச்சு. "தம்பி, வெள்ளி வரைக்கும் ஆபீஸ், சனிக்கிழமை டிராக். ஒரே செட்டிங்கில் இரண்டையும் முடித்துத் தருகிறேன், நீ எதையும் தொட வேண்டாம்" என்றார். நான் எழுத்தில் கேட்டேன், எழுத்தில் கொடுத்தார்: போல்ட் மூலம் பொருத்தும் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைந்த எஃகுக் குழாய்), ஹார்னஸ் பெல்ட் (இரண்டு தோளையும் பிடிக்கும் பந்தயப் பெல்ட்), உயரம் மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர் செட், பந்தய பிரேக் ஆயில், புது பிரேக் பேட், வீல் அலைன்மென்ட், தனி ஈசியு (எஞ்சினின் பெட்ரோலையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் கணினி) வைத்து டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடையில்) ட்யூனிங். பில் ஒரு லட்சம் ராண்டைத் தாண்டியது.

டெஸ்ஸியில் முதல் முறை இறங்கியபோதே பிரேக் பெடல் தரை வரைக்கும் போனது. வேகத்தைக் கியரில் குறைத்து, புல்லில் ஏறி நின்றேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அடுத்த வாரம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். பல வருடம் பந்தயக் கார்களுக்கு வேலை பார்த்தவர். பில்லை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் காரில் தேடினோம்.

முதலில் பிரேக் ஆயில். வெளியே வந்தது கறுத்த பழுப்பு. நான்கு சக்கரத்திலும், பழைய ஆயிலை வெளியேற்றத் திறக்கும் ப்ளீடர் நிப்பிளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. மாற்றவே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இது ஏன் பெரிய விஷயம் என்றால், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஆனால் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது அந்தச் சூடு வராது. டிராக்கில் சில சுற்றிலேயே வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். என் பில்லில் எழுதியிருந்த பந்தய ஆயில் 300 டிகிரிக்கு மேல் தாங்குவது. அந்தப் பாட்டிலை வாங்கினார்களா என்பதே சந்தேகம்.

பேட் மட்டும் உண்மையில் புதிது. ஆனால் முழுப் பந்தயப் பேட். அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் மிதித்தால் கார் வழுக்கிக்கொண்டே போகும். ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும் வழியில் வான் ரீனன் மலை இறக்கத்தில் பனிமூட்டத்துக்குள் அந்தப் பேடோடு இறங்கி வந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. ரோட்டில் ஓட்டுகிற காருக்கு அதைப் போட்டுவிட்டு "கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பியது பெரிய தப்பு. இரண்டுக்கும் ஆகும் நடுத்தரப் பேட் சந்தையில் உண்டு. அது வேண்டாம் என்றால் டிராக் நாளுக்கு மட்டும் பேட் மாற்றிக்கொள்ளலாம். எம்எக்ஸ்-5-இல் அது வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு முடிக்கிற வேலை.

அப்புறம் ரோல் பார். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாத இடம் இதுதான். பெயின்ட் அடித்து, பஞ்சு சுற்றி, பார்க்க அருமையாக இருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கி, காருக்கு அடியில் படுத்து, பாரின் கால்கள் உடலோடு சேரும் இடத்தைப் பார்த்தோம். மெல்லிய தகர உடலில் ஓட்டை போட்டு, அடியில் சாதாரண வாஷர் வைத்து முடுக்கியிருந்தார்கள். கார் கவிழ்ந்தால் அந்தக் கால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கும். தலை இருக்க வேண்டிய இடம் மிஞ்சாது.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிகளின் ஜே பின்னிணைப்பு, 253ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிரதான வளைவின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமன், 120 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வலுவூட்டும் தகடு வேண்டும். குறைந்தது மூன்று போல்ட், எம்8 அளவுக்குக் குறையாமல், 8.8 தரம். பைப், தையல் இல்லாத குளிர் இழுப்பு எஃகு. 45 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் சுவர்த் தடிமன் 2.5 மில்லிமீட்டர், அல்லது 50 விட்டத்துக்கு 2. என் காரில் இருந்த போல்ட்டின் தலையில் எந்த எண்ணும் இல்லை. 8.8 தரப் போல்ட் என்றால் தலையிலேயே 8.8 என்று பொறித்திருக்கும், டார்ச் அடித்தால் தெரியும். சுவர்த் தடிமனை மீயொலி அளவியால் அளந்தபோது ஒன்றரை மில்லிக்குக் கொஞ்சம்தான் மேல். உள்ளே வெல்டிங் தையல் கோடும் இருந்தது. வேலிக் கம்பத்துக்கு ஆகும் பைப்பை என் தலைக்குப் பின்னால் நட்டு வைத்திருந்தார்கள்.

டிராக் டே நடத்துகிற பல இடங்களில் ஹெல்மெட்டையும் டயரையும் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடுவார்கள். ரோல் பாரின் அடியை யாரும் பார்ப்பதில்லை. நாட்டின் பந்தயங்களை நிர்வகிக்கும் மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆப்ரிக்காவின் கீழ் நடக்கும் பந்தயம் என்றால் ஸ்க்ருட்டினியர் (கார்ப் பரிசோதகர்) சோதிப்பார், அங்கேயாவது பிடிபடும். அதனால் பார் பொருத்திய ஒவ்வொருவரும் இந்த வாரமே கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ரோட்டிலும் ஓட்டுகிற காருக்கு, உள்ளே சுற்றிலும் குழாய் ஓடும் முழுக் கூண்டு வேண்டாம் என்பது என் கருத்து. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது, சின்ன மோதலில்கூடப் பக்கவாட்டுக் கம்பியில் தலை இடிக்கும். சீட்டுக்குப் பின்னால் சரியான ரோல் பார், அதில் தலை படும் இடத்தில் கெட்டியான பந்தயப் பஞ்சு, இது போதும்.

ஹார்னஸ் பெல்ட்டில் எஃப்ஐஏ முத்திரையும் செல்லுபடியாகும் கடைசி ஆண்டும் தைத்திருக்கும் துணிச்சீட்டு இருக்க வேண்டும். என்னுடையதில் அந்தச் சீட்டைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். நூல் மட்டும் மிச்சம். யாரோ பந்தயத்தில் பயன்படுத்திக் காலாவதியானதைப் புதிது விலைக்கு விற்றிருக்கிறார்கள். கூடவே ஓட்டுநர் பக்கத்தில் இருந்த அசல் மூன்று புள்ளி பெல்ட்டையும் கழற்றிவிட்டார்கள், என்னிடம் கேட்காமல். ரோட்டுக்கு அந்தப் பெல்ட்தான் வேண்டும்.

சஸ்பென்ஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று காரின் உயரத்தை இறக்கோ இறக்கென்று இறக்கிவிட்டார்கள். இந்தக் காரில் ஷாக் அப்சார்பருக்கு இருக்கும் பயணமே குறைவு, இவ்வளவு இறக்கினால் அது ரப்பர் தடுப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கையில் கொடுத்த அலைன்மென்ட் பிரிண்ட்அவுட்டின் தலைப்பில் வேறொரு காரின் பெயர். "ஒரே செட்டிங்" என்ற பேச்சும் இங்கேதான் உடைகிறது. டிராக்குக்கு வேண்டிய அளவு முன் சக்கரக் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) வைத்தால் ரோட்டில் டயரின் உள் ஓரம் தேயும், அதோடு டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும் கோணம்) கோணலாக இருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பேசி முடிவு செய்யலாம், அதைத் தாளில் எழுதித் தர வேண்டும்.

ஈசியு விஷயம் கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. ஜோகானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல், டர்பனில் 101. டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், அங்கே முழு திராட்டில் (ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து) கொடுத்தாலும் 83-ஐத் தாண்டாது. அதாவது ஈசியுவின் ட்யூனிங் அட்டவணையில் 85 முதல் 100 வரையுள்ள அழுத்த வரிசைகளை அங்கே டைனோவில் தொடவே முடியாது. தெரிந்த ட்யூனர் அந்த வரிசைகளைக் கணக்கிட்டு, பெட்ரோலைக் கூட்டி, இக்னிஷன் டைமிங்கைக் குறைத்துப் பாதுகாப்பாக நிரப்புவார், கடலோரத்தில் மறுபடி சோதிக்கச் சொல்லி அனுப்புவார். என் அட்டவணையில் 80-இன் எண்களை அப்படியே மேலே வரை நகல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். டர்பனில் ஒரு டைனோவில் ஏற்றியபோது முழு திராட்டில் கலவை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற அளவு) 14-ஐத் தாண்டியது, 12.5 முதல் 13 வரை இருக்க வேண்டிய இடம். நாக்கிங் சத்தம் (எஞ்சினுக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) காதுக்கே கேட்டது, உடனே நிறுத்தினார்கள். இன்னும் ஒரு டிராக் நாள் ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். மேட்டு நிலத்தில் 93 ஆக்டேன் பெட்ரோலே போதும் என்பதற்கும் இதே அழுத்தக் குறைவுதான் காரணம். அங்கே தாங்கிய டைமிங் கீழே தாங்காது.

டைனோ தாளையும் கவனியுங்கள். உயரத்துக்கான திருத்தம் சேர்த்த குதிரைச்சக்தியா, சேர்க்காததா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஜோகானஸ்பர்க்கில் அந்த ஒரு திருத்தமே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணை ஏற்றிக் காட்டும்.

படங்களோடு கடைக்காரரைக் கூப்பிட்டேன். "அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் தம்பி" என்றார். அடுத்த முறை, "டிராக்கில் ஓட்டினால் வாரண்டி கிடையாது" என்றார். டிராக்குக்காகத்தான் காரையே கொடுத்தேன், மதிப்பீட்டுத் தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 15ஆம் பிரிவு, மதிப்பீடு கொடுத்து ஒப்புதல் வாங்காத வேலைக்குக் காசு கேட்கக் கூடாது என்கிறது. 54ஆம் பிரிவு, தரமான வேலைக்கான உரிமை. 57ஆம் பிரிவு, பழுதுபார்க்கும்போது போட்ட புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய வேலைக்கும் குறைந்தது மூன்று மாத வாரண்டி. எனக்கு மிகவும் பயன்பட்டது 67ஆம் பிரிவு: கழற்றிய பழைய பாகங்களைத் தனியே எடுத்து வைத்து, சுத்தமான பெட்டியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் என் அசல் பெல்ட்டையும் பழைய பேட்களையும் எழுத்தில் கேட்டேன், அவர்களால் கொடுக்க முடியவில்லை. அதுவும் இப்போது புகாரில் இருக்கிறது.

முதலில் கடைக்கே எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும், பிறகு வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கும் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாமல் நாமே வழக்குப் போடலாம், அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இழப்பு அதைவிட அதிகம் என்றால் மிச்சத்தை விட்டுக்கொடுத்து அங்கே போகலாம். நான் இப்போதைக்கு ஒம்புட்ஸ்மன் வழியில் இருக்கிறேன். ரோல் பார் காலின் படங்கள், அளவியின் எண், கறுத்த ஆயில் பிடித்த பாட்டில், ஈசியு கோப்பின் நகல் எல்லாம் தேதியோடு வைத்திருக்கிறேன். ஈசியு கோப்பை மறுபடி ட்யூன் செய்வதற்கு முன்பே நகல் எடுத்துவிடுங்கள், பிறகு ஆதாரம் அழிந்துவிடும்.

காப்பீட்டுக்காரரிடமும் பேசுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிராக் ஓட்டம் சேராது, மாற்றிய பாகங்களைச் சொல்லாவிட்டால் ரோட்டில் நடந்த விபத்துக்கும் இழுத்தடிப்பார்கள்.

கார் இப்போது சாட்ஸ்வொர்த்தில் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. பழைய பாரைக் கழற்றியாகிவிட்டது, சரியான பைப்பில் புதிது தயாராகிறது. தகடு வைத்து, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒரு ஸ்க்ருட்டினியரை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒம்புட்ஸ்மனிடமிருந்து பதில் வந்ததும் அதை இங்கேயே சேர்க்கிறேன்.