புரோக்கர் வழியாக வரும் ‘மினி டெண்டர்’: அமெரிக்கப் பங்கு வைத்திருப்போர் கவனத்துக்கு

கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர், அதன் பங்குகளில் ஒரு சிறு பகுதியை மட்டும் பங்குதாரர்களிடமிருந்து வாங்கிக்கொள்வதாக விடும் ஆஃபர்தான் ‘மினி டெண்டர்’. நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா இதில் மாட்டிக்கொண்டார். ரிடையர் ஆனவர், வேலை பார்த்த கம்பெனியின் 200 பங்குகளை வைத்திருந்தார். ஒருநாள் புரோக்கரிடமிருந்து மெயில்: உங்கள் பங்கை 47.75 டாலருக்கு வாங்கிக்கொள்ள ஆஃபர் வந்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்லவும். அன்று சந்தையில் விலை 50 டாலர். மெயிலில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

நம் ஊரில் டெண்டர் என்றால் கம்பெனியே தன் பங்கைக் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்குவதுதானே பழக்கம்? 2023-ல் டிசிஎஸ் பங்குக்கு 4,150 ரூபாய் கொடுத்ததே! அந்த நினைப்பில் இவரும் சம்மதம் கொடுத்துவிட்டார். ஆனால் இதைக் கேட்டது கம்பெனி இல்லை, யாரோ மூன்றாம் ஆள். புரோக்கர் வெறும் தபால்காரர்.

கொஞ்ச நாளில் விலை 54-க்குப் போனது. வாபஸ் வாங்கப் போன் போட்டால், "முடியாது சார், கண்டிஷன்லயே இருக்கு" என்றார்கள். பங்கு கணக்கில் தெரிகிறது, ஆனால் விற்க முடியவில்லை. கெடு தேதியையும் ஒருமுறை தள்ளிவைத்தார்கள். கடைசியில் பணம் வந்தபோது, அன்றைய விலைக்கு 1,250 டாலர் நஷ்டம்.

சூட்சுமம் 5 சதவீதத்தில் இருக்கிறது. கம்பெனியின் பங்குகளில் அதற்கு மேல் போகாதபடி கேட்டால், எஸ்இசி-யிடம் (அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஆவணம் தாக்கல் செய்ய வேண்டாம்; சம்மதம் கொடுத்தவருக்கு வாபஸ் வாங்கும் உரிமையும் கிடையாது. ஏமாற்றக் கூடாது, 20 வேலை நாளாவது ஆஃபர் திறந்திருக்க வேண்டும், முடிந்ததும் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. விலை ஏறினால் நம்மிடம் மலிவாக வாங்கி விற்றுவிடுவார்கள். இறங்கினால் ஏதாவது நிபந்தனையைக் காட்டிக் கழன்றுகொள்வார்கள், இல்லை தேதியைத் தள்ளுவார்கள். நம் கை மட்டும் கட்டப்பட்டிருக்கும். சட்டப்படி சரியாம்! எனக்கு இது பகல் கொள்ளையாகத்தான் தெரிகிறது.

இப்படி ஆஃபர் வந்தால் கம்பெனியின் முதலீட்டாளர் பக்கத்தைப் பாருங்கள். "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பங்கைக் கொடுக்காதீர்கள்" என்று பெரும்பாலும் அறிக்கை விட்டிருப்பார்கள். சித்தப்பாவின் கம்பெனியும் விட்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. விற்றே ஆக வேண்டுமென்றால் சந்தையிலேயே விற்கலாம், இப்போது பல புரோக்கர்கள் கமிஷன்கூட வாங்குவதில்லை. மெயிலுக்குப் பதிலே போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, பங்கு உங்களிடமே இருக்கும்.