மன்ரோஸ் புக்ஸ், விக்டோரியா: பெயர்ப்பலகை மாறாத புத்தகக் கடை

வான்கூவருக்குத் தெற்கே இருக்கும் ட்சவாசன் துறையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான கப்பல் பயணம், இறங்கியதும் ஒரு பேருந்து, பிறகு துறைமுகத்தை ஒட்டிச் சில நிமிட நடை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவர் தீவில் இருக்கும் விக்டோரியா நகரின் கவர்ன்மென்ட் தெருவில் உள்ள மன்ரோஸ் புக்ஸுக்கு இது எனது மூன்றாவது வருகை. முந்தைய இரண்டு முறையும், நோபல் பரிசு பெற்ற கனடியச் சிறுகதை எழுத்தாளர் ஆலிஸ் மன்ரோவின் வாசகனாக, ஏறக்குறைய கோயிலுக்குப் போகிற மனநிலையில்தான் போனேன். இம்முறை வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ராயல் வங்கிக்காக 1909இல் எழுப்பப்பட்ட கட்டடம் இது. 1963இல் ஜிம் மன்ரோவும் அன்று அவருடைய மனைவியாக இருந்த ஆலிஸும் யேட்ஸ் தெருவில் சிறிய அளவில் தொடங்கிய கடையை, மணமுறிவுக்குப் பல ஆண்டுகள் கழித்து, 1984இல் ஜிம் இங்கே கொண்டுவந்தார். இருபத்து நான்கடி உயரத்தில், சதுரம் சதுரமாகக் குழிந்து அலங்கரிக்கப்பட்ட கூரை. பணம் எண்ணிய கூடத்தில் இப்போது புத்தகங்கள். கனடிய எழுத்தாளர்களின் நூல்கள் நிறைவாக இருக்கின்றன. பணியாளர்கள் கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் தொந்தரவு செய்வதில்லை. இந்த மாகாணத்தில் புத்தகங்களுக்கு மாகாண விற்பனை வரி கிடையாது, ஐந்து விழுக்காடு மத்திய வரி மட்டுமே என்பதால் பில் தொகை திடுக்கிட வைக்காது. புத்தகக் கடையாக மட்டும் மதிப்பிட்டால் இத்துடன் ஐந்து நட்சத்திரம் கொடுத்து முடித்துவிடலாம்.

ஆனால் இந்தப் பெயரைத் தாங்கிய கடையை அப்படி மட்டும் மதிப்பிட இனி இயலாது. ஆலிஸ் மன்ரோ 2024 மே 13 அன்று காலமானார். இரண்டு மாதங்கள்கூட முடியாத நிலையில், ஜூலை 7 அன்று, அவருடைய இளைய மகள் ஆண்ட்ரியா ராபின் ஸ்கின்னர் டொராண்டோ ஸ்டார் நாளிதழில் எழுதினார். 1976இல், தமக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒண்டாரியோவின் கிளின்டன் ஊரில் தாயின் இரண்டாம் கணவர் ஜெரால்ட் ஃப்ரெம்லின் தம்மைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதையும், 1992இல் அதைக் கடிதம் எழுதித் தாயிடம் தெரிவித்ததையும், தாய் சில மாதங்கள் விலகியிருந்துவிட்டு மீண்டும் அந்த மனிதரிடமே திரும்பிச் சென்றதையும் அதில் விவரித்தார். விலகியிருந்த அந்த மாதங்களை ஆலிஸ் கழித்த கோமாக்ஸ், இக்கடை இருக்கும் இதே தீவில்தான் இருக்கிறது.

இதைக் குற்றச்சாட்டு என்று சொல்வதுகூடப் பிழை. 2005இல் ஃப்ரெம்லின் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; சிறைக்கு அனுப்பப்படாமல் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த ஆலிஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருக்கு, நூல் வருவதற்கு முன்பே ஆண்ட்ரியா எல்லாவற்றையும் தெரிவித்திருந்தார். நூலாசிரியர் அதைச் சேர்க்கவில்லை. 2013இல் நோபல் பரிசு வந்தது. நாமெல்லாம் கொண்டாடினோம். நீதிமன்றப் பதிவேட்டில் எட்டு ஆண்டுகளாக இருந்த செய்தி வாசகர் எவரையும் எட்டவில்லை.

கடைக்குள் என் கண் இம்முறை புத்தக அடுக்குகளைவிடச் சுவரில்தான் அதிகம் நின்றது. அங்கே தொங்கும் பெரிய துணிச் சித்திரங்கள் ஜிம்மின் இரண்டாம் மனைவி கரோல் சபிஸ்டன் உருவாக்கியவை. முன்பு அவற்றின் நிறங்களை மட்டும் வியந்திருக்கிறேன். ஆண்ட்ரியா தமக்கு நேர்ந்ததை முதலில் சொன்னது கரோலின் மகனான மாற்றாந்தாய் வழிச் சகோதரனிடம். அவன் கரோலிடம் சொன்னான். கரோல் ஜிம்மிடம் சொன்னார். ஜிம் அதை ஆலிஸிடம் சொல்லவே இல்லை. அடுத்தடுத்த கோடைகளிலும் குழந்தை கிளின்டனுக்கு அனுப்பப்பட்டாள். ஆக, பெயர்ப்பலகையில் உள்ள மன்ரோ, நோபல் பெற்றவரின் பெயர் மட்டுமல்ல. வாய் திறக்காமல் இருந்த தகப்பனின் பெயர், அந்தச் சிறுமியும் சுமந்த பெயர். ஆலிஸ் பிறப்பால் லெய்ட்லா குடும்பத்தவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

இந்த நிலையில் ஒரு கடை என்ன செய்ய முடியும்? ஜிம் 2014இல் ஓய்வு பெற்றபோது கடையைத் தம் ஊழியர்கள் நால்வரிடம் ஒப்படைத்துவிட்டார். 2016இல் இறந்தும் போனார். ‘எங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இப்போது தொடர்பில்லை’ என்று ஒரே வரியில் ஒதுங்கியிருந்தால் அதில் பொய் ஏதும் இருந்திருக்காது. அவர்கள் அந்த வழியில் போகவில்லை. கட்டுரை வந்த சூட்டிலேயே வெளியிட்ட அறிக்கையில், தாங்கள் ஐயத்துக்கு இடமின்றி ஆண்ட்ரியாவின் பக்கம் நிற்பதாகச் சொல்லிவிட்டு, ஆலிஸின் எழுத்தையும் அவருக்கும் கடைக்குமான உறவையும் தாங்களும் கொண்டாடி வந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, இதை உள்வாங்கத் தங்களுக்கும் அவகாசம் வேண்டும் என்றார்கள். ஆண்ட்ரியாவும் உடன்பிறப்புகளும் கடைக்கு நன்றி தெரிவித்து எழுதியதையும் சேர்த்தே வெளியிட்டார்கள். ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ வகை அறிக்கைகளைக் கேட்டுப் பழகிப்போன என் காதுக்கு, பாதிக்கப்பட்டவரின் பெயரை முதலில் சொல்லிப் பேசத் தொடங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் குரல் புதிதாக இருந்தது.

அவகாசம் வேண்டும் என்ற சொல்லை நழுவல் என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாரம் ஒரு சாரார் ஆலிஸின் நூல்களைத் தூக்கி எறியப் போவதாக எழுதினார்கள், இன்னொரு சாரார் படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்று வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். இரண்டுமே ஒரே நாளில் முடிந்துபோகிற வேலை. எனக்கு முடியவில்லை. ‘ஓப்பன் சீக்ரெட்ஸ்’ தொகுப்பைக் கையில் எடுத்துக் கடைசிக் கதையான ‘வாண்டல்ஸ்’ வரை புரட்டினேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம் அத்துமீறும் ஓர் ஆண், அவனோடு வாழ்ந்துகொண்டு எதையும் காணாதவளாக இருந்துவிடும் ஒரு பெண், வளர்ந்தபின் அந்த வீட்டுக்குள் நுழைந்து அனைத்தையும் அடித்து நொறுக்கும் அந்தக் குழந்தைகளில் ஒருத்தி. கதை முதலில் வெளியானது 1993இல். மகளின் கடிதம் வந்தது 1992இல். முன்பு படித்தபோது, காணாமல் இருந்துவிடும் அந்தப் பெண்ணை எவ்வளவு இரக்கமில்லாமல் எழுதியிருக்கிறார் என்று வியந்தவன் நான். இப்போது அந்த வியப்புக்குப் பதிலாக, தெரிந்தே எழுதிய கை மகளுக்கு ஏன் நீளவில்லை என்ற கேள்விதான் வந்தது. கதை மோசமாகிவிடவில்லை. அதனால்தான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

ஆலிஸின் நூல்களை வாங்குவதற்கென்றே இங்கே வர நினைப்பவர்கள், ஆண்ட்ரியாவின் கட்டுரையை முதலில் படித்துவிட்டு வரலாம். கடையே அவர் பக்கம் நிற்கும்போது வாடிக்கையாளருக்கு அது பெரிய சுமையல்ல. வேறு எதற்காக வந்தாலும் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நான் அந்தத் தொகுப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வீட்டில் என்னிடம் பென்சில் கோடுகளோடு ஒரு பிரதி இருக்கிறது, அதையே திரும்பப் படிக்க வேண்டும். மகளுக்காக ஒரு சிறுவர் நூல் வாங்கினேன். அவளுக்கு இப்போது ஒன்பது வயது.