மதுரையிலிருந்து வரும் மளிகை: குலசேகரத்துக் கடைக்காரி ஒருத்தியின் மதிப்பீடு

கடைக்காரர்களுக்கு மொத்த விலையில் சரக்கு அனுப்பும் கைப்பேசிச் செயலிகள் இரண்டு மூன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. அவற்றில் மதுரைப் பக்கம் கிடங்கு வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. மளிகைக்கடை வைத்திருப்பவர்களுக்கு எது என்று தெரியும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. அவசரக்காரர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோப்பு, பற்பசை, பிஸ்கட், நாப்கின், குழந்தைகளுக்கான சாமான் ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நான்கு. அரிசி, எண்ணெய், பண்டிகைச் சரக்கு ஆகியவற்றுக்கு ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் தாராள மனதோடு. இரண்டு மதிப்பெண்ணுக்கும் காரணம் ஒன்றேதான்: அந்தக் கிடங்கு நிற்கும் இடம்.

என் கடை குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலையில் இருக்கிறது. மாமனார் தொடங்கியது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. ஒரு கிலோ சீனி வாங்குகிறவர் அன்று கால் கிலோ கேட்பார், ஷாம்பு பாட்டிலுக்குப் பதில் சரத்திலிருந்து ஒரு பாக்கெட் கிழித்துக்கொண்டு போவார். நமக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. போதாததற்கு, மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கிற மாதங்களில் வெட்டே ஓய்ந்துவிடும். செயலியில் ‘உங்கள் கடைக்கான பரிந்துரை’ என்று ஒரு பட்டியல் வருகிறது. போன மாதம் எது ஓடியதோ அதையே இந்த மாதமும் வாங்கச் சொல்கிறது. மழையைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

சரக்கு எப்படி வருகிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இரவு எட்டு மணிக்குள் ஆர்டர் போட வேண்டும். மதுரைக் கிடங்கில் அதற்குப் பிறகு பெட்டி கட்டுகிறார்கள். மறுநாள் இரவு பெரிய லாரியில் ஏற்றினால், திருநெல்வேலி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியாக விடிவதற்குள் நாகர்கோவில். அங்கே ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதிகாலையில் போனபோது ஆசைக்கு எட்டிப் பார்த்தேன். உள்ளே அலமாரி இல்லை, அடுக்கிய மூட்டை இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. தரையில் மஞ்சள் வண்ணத்தில் கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். லாரியிலிருந்து இறங்கும் நீல நிறத் தொட்டிகளைப் பையன்கள் எண் பார்த்துக் கட்டத்துக்குள் தள்ளுகிறார்கள். தொட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் முதல் வரி வழி எண், அடுத்தது கடைப் பெயர், கடைசியில் 3/4, அதாவது நான்கில் மூன்றாவது தொட்டி. ஏழு மணிக்குள் அந்தத் தரை துடைத்துவிட்டது போல் காலி. எல்லாம் சின்ன வண்டிகளில் ஏறி மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் கருங்கலுக்கும் எங்கள் மலையோரத்துக்கும் போய்விட்டது. அந்தக் கொட்டகையில் சரக்கு ஓர் இரவு கூடத் தங்குவதில்லை. வண்டி மாறுகிறது, அவ்வளவுதான்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுந்தூரத்துக்குப் பெரிய லாரி நிறைய ஏற்றினால் பெட்டிக்கு வாடகை குறைவு. கடைசி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குத்தான் சின்ன வண்டி. சரக்கோ ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயம்தான் கடைக்காரருக்கு நேரடி லாபம். எங்கள் பகுதியில் எப்போதாவது ஒருவர் கேட்கும் ஒரு குழந்தை சோப்பு இருக்கிறது. உள்ளூர் விநியோகஸ்தர் அதை வாங்கி வைக்க மாட்டார். பத்துக் கடையும் சேர்ந்து அவரிடம் மாதத்துக்கு ஒரு டஜன் கூட வாங்காது. மதுரைக் கிடங்குக்கு விருதுநகரும் தேனியும் நெல்லையும் சேர்ந்து ஆள் இருக்கிறது. ஓரிடத்தில் விற்பனை விழுந்தால் இன்னோரிடத்தில் எழும். திருச்சியில் மேலாண்மை படிக்கும் என் மகன் இதற்கு ஒரு கணக்கு சொன்னான். ஒரே அளவு விற்கும் நான்கு கிடங்குகளில், ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதைப் பொறுத்ததாக இல்லாவிட்டால், நான்கையும் ஒன்றாக்கும்போது திடீர்த் தேவைக்கென்று கூடுதலாக ஒதுக்கி வைக்க வேண்டிய சரக்கு ஏறத்தாழப் பாதியாகிவிடுமாம். அந்த மிச்சத்தில்தான் எனக்கு மூன்று சோப்பு கூடச் சில்லறையாகக் கிடைக்கிறது. உள்ளூரில் பெட்டியோடு எடுத்தால்தான் உண்டு. விலையும் பெரும்பாலும் இரண்டு மூன்று ரூபாய் குறைவு. ஜி.எஸ்.டி. பில் சுத்தமாக வருகிறது. நான்கு மதிப்பெண் இதற்கெல்லாம் சேர்த்து.

இனி ஒன்றரையின் கதை.

மதுரை என்ன சாப்பிடுகிறதோ அதுதான் மதுரைக் கிடங்கில் இருக்கும். செயலியில் பொன்னி அரிசி ஏழெட்டு வகை. சம்பா அரிசி ஒன்றே ஒன்று, அதுவும் பாதி நாள் ‘இருப்பு இல்லை’. எங்கள் வீடுகளில் மத்தியானச் சோற்றுக்குச் சிவப்புச் சம்பாதான் என்பது அந்தக் கிடங்கை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்காது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எத்தனை லிட்டர் வேண்டுமானாலும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேடினால் தலைக்குத் தேய்க்கும் சின்னப் பாட்டில்கள் முதலில் வருகின்றன. புட்டுப் பொடி, கேரளப் பப்படம், பழம்பொரிக்கான மாவு எதுவும் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தை வரைபடத்தில் மதுரையின் வாலாக வரைந்துவிட்டார்கள். வாய் வேறு என்பதைப் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை, நான் கேட்கும் சரக்கெல்லாம் திருவனந்தபுரத்தில் மலை போல் குவிந்திருக்கிறது. என் கடையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மதுரை 250க்கும் மேல். எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி ஒரு வண்டி வந்துவிட்டால் மத்தியானத்துக்குள் சரக்கு இறங்கிவிடும். ஆனால் இந்த நிறுவனமும் சரி, பெரிய சோப்புக் கம்பெனிகளும் சரி, எங்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கேரளக் கிடங்கு எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி 2 சதவீதம் கட்ட வேண்டும், அந்த விகிதத்துக்குச் சான்றாக வாங்குபவரிடமிருந்து சி படிவம் வாங்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு திறந்து, சரக்கைத் தங்கள் கிளைக்கே மாற்றிக்கொண்டன; அது விற்பனை ஆகாது என்பதால் அந்த வரி இல்லை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த வரி எங்கள் சரக்குக்கு இல்லாமல் போனது, சோதனைச்சாவடி வரி அலுவலகமும் போனது. மற்ற ஊர்களில் கிடங்குகளை இணைத்தார்கள், இடம் மாற்றினார்கள் என்று படிக்கிறேன். எங்கள் மூலையில் மட்டும் படம் மாறவில்லை. 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் சம்பா அரிசிக்கு மாநில எல்லை தெரிய வேண்டிய அவசியம் என்ன?

சரி, கேரளா வேண்டாம், நாகர்கோவிலிலேயே ஒரு சின்னக் கிடங்கு வைக்கக் கூடாதா? அந்தத் தகரக் கொட்டகையில் வேகமாக ஓடும் ஒரு நூறு சரக்கை மட்டும் இருப்பு வைத்தால் போதும். குழந்தை சோப்பு மதுரையிலேயே இருக்கட்டும். மாவட்டம் மொத்தம் 1,672 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் அதற்குள் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெற்றிடமே கிடையாது. ஒரு வண்டி ஒரு காலையில் நிறையக் கடை ஏறி இறங்கலாம். வாடகையும் கையிருப்பும் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. அதற்குப் பதில் இரண்டு நாள் காத்திருப்பது மறுநாள் காலையாகும். வண்டியில் வரும் தம்பியிடம் சொன்னேன். “அக்கா, மேலே சொல்கிறேன்” என்றார். மேலே என்றால் மதுரையா பெங்களூரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

தூரத்தின் விலை 2023 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் தெரிந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு நெல்லை நகரத்துக்குள் வந்துவிட்டது. எங்கள் பக்கமும் மழைதான், ஆனால் நாகர்கோவிலுக்குப் போய்வர முடிந்தது. மதுரை லாரிதான் வரவில்லை. மைதா, சீனி, உலர்திராட்சை, டால்டா என்று கேக் சாமான் முழுவதும் அதில். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ். அந்த வாரம் மைதா இல்லாத கடையில் அடுத்த வாரம் யாரும் உப்பு வாங்க மாட்டார்கள். பழைய விநியோகஸ்தருக்குப் போன் செய்தேன். நாகர்கோவிலில் கோட்டாறு குடோனில் அவரிடம் இருந்தது. மறுநாள் காலையில் இறக்கிவிட்டார், பணம் பொங்கலுக்குப் பிறகு போதும் என்றார். உள்ளூர் குடோன் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது கோட்டாற்றில் சரக்கு இருந்து பயனில்லை. ரப்பர் மரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. ஆனால் அப்போது வெட்ட வேண்டியிருந்தது எங்கள் ஊர் மரங்களை. எங்கள் ஆட்களே வெட்டினார்கள். நெல்லை வெள்ளத்தை நாங்கள் வெட்டி ஒதுக்க முடியாது.

பழைய விநியோகஸ்தரைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் செயலிக்காரர்கள் ஒப்பிடச் சொல்வது அவரோடுதான். செவ்வாய்க்கிழமை அவருடைய சேல்ஸ்மேன் வருகிறார். அலமாரியை அவரே பார்த்து, காலாவதி நெருங்கும் பிஸ்கட்டை முன்னால் இழுத்து வைத்து, தேதி முடிந்ததைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பில்லில் கழித்துவிடுகிறார். செயலியில் சரக்கு வரும் போக்குக்கு மட்டும்தான் பாதை போட்டிருக்கிறார்கள். திரும்பிப் போகப் பாதை இல்லை. உடைந்த பெட்டியை இறக்கும்போதே திருப்பிவிடலாம். ஒரு மாதம் கழித்துக் காலாவதியான பாக்கெட் என் தலையில். விலையில் கிடைக்கும் இரண்டு ரூபாயில் கொஞ்சம் இங்கே போய்விடுகிறது. கடனும் கிடையாது, செயலி வழியாக ஒரு நிதி நிறுவனம் கடன் தருவதாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது, வட்டியைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

இப்போது நான் செய்வது இது. மெதுவாக ஓடும் சாமான் எல்லாம் செயலியில். அரிசி, எண்ணெய், சீனி, மைதா கோட்டாற்றில். பிஸ்கட்டில் ஓடும் வகை செயலியில், புது வகை சேல்ஸ்மேனிடம். குறைந்தது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆர்டர் போட வேண்டும் என்பதால் பக்கத்து மருந்துக்கடை அண்ணனுடைய நாப்கின் ஆர்டரையும் என் கணக்கிலேயே சேர்த்துப் போடுகிறோம். மலையோரக் கடைகளுக்கு வண்டி எல்லா நாளும் வருவதில்லை. எங்கள் வழிக்கு எந்தக் கிழமை என்று கேட்டு அதற்கு இரண்டு இரவு முன்பே ஆர்டர் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தொட்டி மதுரையிலேயே உட்கார்ந்திருக்கும்.

இறக்கும்போது கையெழுத்து வாங்குவதில்லை. கைப்பேசிக்கு வரும் நான்கு இலக்க எண்ணைக் கேட்கிறார்கள். தொட்டிச் சீட்டில் 4/4 வரை வந்திருக்கிறதா என்று எண்ணாமல் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்ன பிறகு குறையைத் தெரிவித்தால் அது அடுத்த பில்லில்தான் கழியும், பணமாக வராது.