பின்னணி தெரியாத வெள்ளாடுகளை வாங்கலாமா: நான்கு வழிகளின் ஒப்பீடு

வெள்ளாடு வாங்க முனைபவரின் முன் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கின்றன. எங்கிருந்து வந்தவை என்று விற்பவருக்கே சரியாகத் தெரியாத ஆடுகளைக் கண்ணால் பார்த்து அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வருவது முதல் வழி. அதே ஆடுகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, முடிவு வந்த பிறகு பணம் கொடுப்பது இரண்டாவது. பதிவேடும் பரிசோதனை வரலாறும் உள்ள ஒரு மந்தையில், கூடுதல் விலை கொடுத்து, தேவைப்பட்டால் சில மாதங்கள் காத்திருந்து வாங்குவது மூன்றாவது. இப்போதைக்கு வாங்காமலே இருந்துவிடுவது நான்காவது. பேரம் நடக்கும் இடத்தில் இந்த நான்கும் வெறும் விலை வேறுபாடாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு வழியும் வெவ்வேறு வகை ஐயத்தைத் தீர்க்கிறது. எந்த ஐயம் தீராமல் ஆட்டோடு சேர்ந்து நம் பட்டிக்குள் வருகிறது என்பதை வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த ஐயங்களை மூன்றாகப் பிரிக்கலாம். குடற்புழு, பேன், உண்ணி, வளர்ந்து மடங்கிய குளம்பு, தீவனக் குறைவால் வந்த மெலிவு ஆகியவை பார்த்தாலே தெரியும். சில வாரங்களில் சரிசெய்யவும் முடியும். ஆட்டுக்கொல்லி நோய், ஆட்டம்மை, கோமாரி, வாய்ப்புண் போன்றவை வாங்கும் நாளில் தெரியாமல் இருக்கலாம். எனினும் உடலில் புகுந்திருந்தால் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். மூன்றாவது வகைதான் உண்மையான தொல்லை. சி.ஏ.இ. எனச் சுருக்கி அழைக்கப்படும் மூட்டு, மூளை அழற்சி நச்சுயிரி நோய், நிணநீர்க் கணுக்களில் சீழ்க்கட்டியாக வரும் கேசியஸ் லிம்ஃபடினைடிஸ், குடலைத் தாக்கி உடலை உருக்கும் ஜோனிஸ் நோய், கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் ஆகிய நான்கும் இதில் அடங்கும். இவற்றைச் சுமக்கும் ஆடு மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட, நல்ல தோற்றத்துடன் தின்று திரிந்தபடியே நோயைப் பரப்பக்கூடும். மந்தைக்குள் புகுந்த பின் இவற்றை அகற்ற மருந்து போதாது. ஆடுகளையே கழிக்க வேண்டியிருக்கும்.

முதல் வழியின் பலம் முழுவதும் வாங்குபவரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. அது குறைத்து மதிப்பிடத்தக்க பலம் அன்று. ஆட்டைப் பிடிப்பதற்கு முன் சற்றுத் தொலைவில் நின்று, கூட்டத்தோடு சேர்ந்து மேய்கிறதா, அசைபோடுகிறதா, நடையில் தாங்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்து இழுத்த பிறகு எல்லா ஆடும் படபடத்து மூச்சு வாங்கும். பிறகு கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். அது செக்கச்செவேலென இருந்தால் நல்லது. வெளிறிப்போயிருந்தால் இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் என்ற வயிற்றுப்புழு மிகுந்திருக்க வாய்ப்புண்டு. இந்த நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டும் ஃபமாச்சா அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவானது. அதில் நான்காம், ஐந்தாம் படிகளில் இருக்கும் ஆட்டுக்கு உடனடியாக மருந்து தேவை. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும் வீக்கமும் அதே புழுவைக் காட்டுவதாக இருக்கலாம். அதே தாடைக்கருகில், காதின் அடியில், தோளுக்கு முன்னால், பின்தொடையின் முன்மடிப்பில் உருண்டையான கட்டியோ ஆறிய வடுவோ தட்டுப்பட்டால் அது வேறு கதை. முள் குத்திய கட்டி என்று விற்பவர் சொல்லலாம். நிணநீர்க் கணு இருக்கும் இடத்திலேயே முள் குத்தியதா என்று கேட்டுக்கொள்வது வாங்குபவரின் வேலை.

முன்னங்கால் முட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். முட்டி வீங்கியிருந்தாலோ, மடி கல் போல இறுகிப் பால் குறைந்திருந்தாலோ சி.ஏ.இ. என்று ஐயப்படலாம். வாலுக்கடியில் கழிச்சலின் கறை இருக்கிறதா, புழுக்கை உருண்டையாக விழுகிறதா என்பதையும், வெப்பமானியில் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 39.7 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். வெயிலில் நின்ற ஆட்டுக்கு அது சற்றுக் கூடும். விற்பவர் சொல்லும் வயதைப் பற்கள் திருத்திவிடும்: முன்பற்கள் எட்டும் கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு, நடுவில் இருக்கும் இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஒரு வயதையொட்டி, அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இணை என்று நான்கு வயதுவாக்கில் எட்டும் நிறையும். எட்டும் முளைத்துத் தேய்ந்துபோன ஆட்டை முதல் ஈற்று ஆடு என்று சொல்பவரின் மற்றச் சொற்களையும் அதே அளவில் நம்பினால் போதும்.

இவ்வளவு பார்த்தும் மூன்றாவது வகை ஐயம் அப்படியே இருக்கும். இதற்கு மால்டாத் தீவின் ஆடுகளைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கு படைவீரர்களை வாட்டிய காய்ச்சலுக்கு, அதாவது மனிதருக்கு வரும் புரூசெல்லோசிஸுக்கு, காரணமான நுண்ணுயிரியைப் பிரிட்டிஷ் படை மருத்துவர் டேவிட் புரூஸ் 1887-இல் கண்டறிந்தார்; அது எங்கிருந்து வருகிறது என்பது மேலும் பல ஆண்டுகள் புலப்படவில்லை. நல்ல நிலையில் நடமாடிய, வீடுவீடாகச் சென்று பால் கறக்கப்பட்ட ஆடுகளின் இரத்தத்தில் அது இருப்பதை 1905-இல் மால்டா மருத்துவர் தெமிஸ்டோக்லிஸ் சாமிட் காட்டினார். அதே ஆண்டில், நன்றாகக் கறக்கும் மால்டா ஆடுகளைத் தேர்ந்தெடுத்து ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வழியில் அவற்றின் பச்சைப் பாலைக் குடித்த கப்பல்காரர்கள் பலர் நோயுற்றனர். அந்த ஆடுகள் தேர்ந்த கண்களால் பொறுக்கி எடுக்கப்பட்டவை. இன்று பாலுக்காக ஆடு வாங்குபவர் முதல் வழியை மட்டும் நம்பினால், அவரும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

முதல் வழிக்குள்ளேயே ஒரு முக்கியமான பிரிவு உண்டு. பல இடங்களில் வாங்கிச் சேர்த்து விற்கும் வியாபாரியின் ஆடுகளும், வயதாகிவிட்டது அல்லது இடமில்லை என்று ஒருவர் தன் பட்டியைக் கலைத்து விற்கும் ஆடுகளும் தாளில் ஒரே மாதிரி ‘பதிவு இல்லாதவை’. ஆயினும் இரண்டும் சமமல்ல. கலந்து நின்ற ஆடுகளில் ஒன்றுக்கு ஆட்டுக்கொல்லி நோய் இருந்தால், ஏறியிறங்கிய பயணக் களைப்போடு அது மற்றவற்றுக்கும் எளிதில் தொற்றிவிடும். பொதுவாக 4 முதல் 6 நாட்கள் அது மறைந்திருக்கும் என்பதால், வாங்கிய நாளில் எல்லாமே துள்ளிக்கொண்டிருக்கும். 1942-இல் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயை 2030-க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்குநல அமைப்பும் வைத்துள்ள இலக்கு. அதுவரை கலப்பு மந்தைகள் அதற்கு வசதியான பாதையாகவே இருக்கும்.

பட்டியைக் கலைப்பவரிடமோ, விற்பனைக்கு வராத ஆடுகளையும் பார்க்க முடிகிறது. அவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வயதான பெட்டைகள் நன்றாகத் தின்றும் எலும்பும் தோலுமாக நிற்கின்றனவா? கழிச்சல் இல்லாமல் உடல் மட்டும் உருகுவது வெள்ளாட்டில் ஜோனிஸ் நோயின் பொதுவான தோற்றம். குட்டிப் பருவத்தில் தொற்றிக்கொண்டு, ஓராண்டோ அதற்கு மேலோ கழித்துத்தான் அது முகம் காட்டும். ஆகவே ஒரு மந்தையின் பின்னணியை அதன் இளைய ஆடுகளைவிட மூத்த ஆடுகளே தெளிவாகச் சொல்கின்றன. சென்ற ஆண்டில் எத்தனை ஆடுகள் இறந்தன, எவையேனும் காலத்துக்கு முன் குட்டி வீசினவா, கட்டி உடைந்து சீழ் வந்ததுண்டா, கடைசியாக வெளியிலிருந்து எப்போது ஆடு சேர்த்தார்கள், எந்தப் புழுநீக்க மருந்தை எத்தனை முறை கொடுத்தார்கள் என்று கேட்டால், நெடுநாள் வளர்த்தவரிடம் ஏதேனும் ஒரு விடை இருக்கும். “ஒரு நோயும் வந்ததே இல்லை” என்ற விடையைவிட, இரண்டு குட்டிகள் கழிச்சலில் போயின என்ற விடையே எனக்கு நம்பத்தகுந்ததாகப் படும்.

இரண்டாவது வழியான பரிசோதனை, முதல் வழியின் குறையை முழுவதும் தீர்த்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெருமளவு தீர்க்கும். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி எல்லை உண்டு. சி.ஏ.இ. பெரும்பாலும் சீம்பால், பால் வழியாகத் தாயிடமிருந்து குட்டிக்குச் செல்வது. தாயின் எதிர்ப்பொருளும் அதே சீம்பாலில் வருவதால், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் இரத்தம் நோய் இல்லாமலே நோய் இருப்பதாகக் காட்டக்கூடும். மறுபுறம், அண்மையில் தொற்றிய வளர்ந்த ஆட்டில் எதிர்ப்பொருள் உருவாக வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்பதால், இன்றைய ‘இல்லை’ என்ற முடிவு சில மாதங்கள் கழித்து மாறக்கூடும். ஜோனிஸ் நோய்க்கான இரத்தச் சோதனை தொடக்க நிலையில் உள்ள பல ஆடுகளைத் தவறவிடும். புரூசெல்லோசிஸ் சோதனை இவற்றைவிட உறுதியானது. பால் குடிக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதற்கு எந்தக் காரணமும் பொருந்தாது, சோதனை முடிந்த பிறகும் பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

ஆகவே, யாரிடமிருந்தோ வந்த மூன்று ஆடுகளுக்கு ஒரு முறை சோதித்துப் பெற்ற ‘இல்லை’யும், ஆண்டுதோறும் மொத்தமாகச் சோதிக்கப்பட்டு வந்த மந்தையின் ‘இல்லை’யும் ஒரே எடையுள்ளவை அல்ல. மூன்றாவது வழிக்கான கூடுதல் விலை உண்மையில் இந்த வேறுபாட்டுக்காகவே கொடுக்கப்படுகிறது. ஆட்டின் அழகுக்கோ இனப்பெயருக்கோ அன்று. எனவே தாளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்: எந்த நோய்க்குச் சோதித்தார்கள், எந்தத் தேதியில், அதிலுள்ள எண் ஆட்டின் காது வில்லையோடு பொருந்துகிறதா, மந்தை முழுவதையும் சோதித்தார்களா அல்லது விற்க வைத்திருந்தவற்றை மட்டுமா. தடுப்பூசி அட்டை நோயில்லை என்பதற்குச் சான்று அன்று என்பதையும் நினைவில் கொள்ளலாம். மூன்றாவது வழியிலும் ஒரு குறை உண்டு. அடைத்த சூழலில் வளர்ந்த ஆடு புதிய இடத்தின் புழுக்களுக்குப் பழகாதது. அடர்தீவனம் திடீரென்று மாறினாலோ கூடினாலோ துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயில் ஒரே இரவில் சாகலாம். அதன் பழைய தீவனத்தைக் கொஞ்சம் உடன் வாங்கிவந்து, ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக மாற்றினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். வேறு ஆடுகள் இல்லாத இடத்தில் சில மாதங்கள் வளர்த்துக் கறிக்கு விற்பவருக்கு முதல் வழி பெரும்பாலும் போதும். மூன்றாவது வகை நோய்கள் வெளிப்படுவதற்குள் ஆடு கைமாறிவிடும். ஏற்கெனவே நல்ல மந்தை வைத்திருப்பவர் வியாபாரியின் கலப்பு ஆடுகளை வாங்குவதை, விலை எவ்வளவு இறங்கினாலும், என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. முதன்முதலாகத் தொடங்குபவருக்கு இழக்க மந்தை இல்லை. ஆனால் நிலம் இருக்கிறது. சீழ்க்கட்டி நோயின் நுண்ணுயிரி மண்ணில் பல மாதங்களும், ஜோனிஸ் நோயின் நுண்ணுயிரி ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக்கூடும் என்பதால், மலிவாகத் தொடங்கிப் பிறகு நல்ல ஆடுகளுக்கு மாறலாம் என்ற திட்டம் நினைப்பதுபோல் எளிதில் நிறைவேறாது. கிடாவைப் பொறுத்தவரை நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன்: ஒரு பெட்டையின் குறை அதன் குட்டிகளோடு பெரும்பாலும் நிற்கும், கிடாவின் குறை மந்தை முழுவதற்கும் போகும். சினை ஆடு என்று சொல்லி விலையேற்றுவதும் உண்டு. கரு எந்தக் கிடாவுடையது என்று தெரியாமல், ஏறத்தாழ 150 நாள் சினைக்காலத்தில் எத்தனையாவது நாள் என்றும் தெரியாமல், பயணத்தில் அது சிதைந்தால் நோயாலா அலைச்சலாலா என்று பிரித்தறியவும் முடியாமல் கொடுக்கும் அந்தக் கூடுதல் தொகைக்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை.

இரக்கத்தினால் வாங்குவோரும் இருக்கிறார்கள். எலும்பு தெரிய நிற்கும் ஆட்டை விட்டுவர மனம் ஒப்பாது. அதில் தவறில்லை. அந்த ஆட்டை மந்தைக்கான முதலீடாகக் கணக்கில் எழுதாமல், தனிக் கொட்டகையில் வைத்துப் பேண முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

எந்த வழியில் வந்தாலும் குறைந்தது 30 நாட்கள் தனிமைப்படுத்துவது அவசியம். வேறு தண்ணீர்த்தொட்டி, வேறு வாளி, அன்றாட வேலையில் கடைசியாகக் கவனிப்பது என்ற ஒழுங்கோடு. இரண்டாவது வகை ஐயத்தை இது ஏறக்குறைய தீர்த்துவிடும். புழுநீக்க மருந்து கொடுப்பதற்கு முன்பும், கொடுத்த 10 முதல் 14 நாட்கள் கழித்தும் புழுக்கையில் முட்டைகளை எண்ணச் செய்து, எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்குக் குறைவாகவே குறைந்திருந்தால், மருந்துக்குப் பணியாத புழுக்கள் கூடவே வந்திருக்கின்றன என்று கொள்ளலாம். வெள்ளாட்டின் உடல் இம்மருந்துகளில் பலவற்றைச் செம்மறியைவிட விரைவாக வெளியேற்றுவதால், மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் சீழ்க்கட்டி வெளியே தெரிய இரண்டு முதல் ஆறு மாதங்கள் ஆகலாம் என்பதால், தனிமைப்படுத்தலைப் பரிசோதனைக்கு மாற்றாகக் கருத முடியாது.

நடைமுறையில் முதல் இரண்டு வழிகளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் சாத்தியம். சோதனைச் செலவை வாங்குபவர் ஏற்க, முடிவு வரும்வரை ஆடுகள் விற்பவரிடமே, வேறு ஆடுகளோடு கலக்காமல் இருக்கட்டும். சிறு முன்பணம் கைமாறட்டும். எந்த நோய் காட்டினால் அந்த முன்பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளட்டும். பட்டியைக் கலைப்பவர்களில் பலர் இதற்கு உடன்படுவர். அன்றே விற்றாக வேண்டும் என்பவர் மறுப்பது இயல்பு. அது அவர் எதையோ மறைக்கிறார் என்பதற்குச் சான்று ஆகாது. அப்படி மறுக்கப்பட்ட ஆட்டைக் கறி விலைக்கு மேல் மதிப்பிடாமல், வளர்ப்புக்கென வாங்க வந்தவர் நான்காவது வழியைத் தேர்ந்துகொள்ளலாம்.