முயலைச் சும்மா கொடுப்பதா, காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதா?

கைவிடப்பட்ட முயல்களுக்கு வீடு தேடுவதில் முதலில் கிளம்பும் தகராறு பணம்தான். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், சித்தூர் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) பக்கம் இந்த வேலையில் இருப்பவர்களிடம் மூன்று கட்சி உண்டு. சும்மாவே கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. ஆன செலவை முழுக்க வாங்கிவிட வேண்டும் என்பது இன்னொன்று. கொஞ்சம் கட்டணம், அதோடு திருப்பித் தரும் டெபாசிட் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி.

சும்மா கொடுப்பதில் இருக்கும் வசதி, கூண்டு சீக்கிரம் காலியாகும். ஆனால் நம் பக்கம் முயலுக்குக் கறி விலை உண்டு. கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட், நியூசிலாந்து ஒயிட் என்று கறிக்காகவே வளர்க்கிறார்கள். அது அவர்கள் தொழில், அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் இரண்டரைக் கிலோ முயலை இலவசம் என்று அறிவித்தால் அது எங்கே போகும் என்று தெரிந்துகொண்டே அறிவிக்கிறோம். வளர்க்க ஆசைப்படுகிறவர் போனில் முதலில் கேட்பது, "கடிக்குமாங்க?" மற்றவர் கேட்பது, "எத்தனை கிலோ வரும்?" இரண்டாவது கேள்வி வந்ததுமே பேச்சை முடித்துவிடலாம். விவரமான ஆள் அப்படிக் கேட்கமாட்டார் என்பதுதான் சிக்கல். பிறந்தநாளுக்குப் பிள்ளை அழுதது என்று வந்து வாங்கிப் போகிறவர்களும் இலவசத்துக்குத்தான் அதிகம் வருகிறார்கள். முயல் எட்டுப் பத்து வருஷம் இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

முழுச் செலவையும் வாங்குவது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மீட்டு வரும்போதே பல முயல்களுக்குக் காது நுனியிலும் மூக்கிலும் சொறி பொருக்குத் தட்டியிருக்கும். அதற்கு ஊசி, அப்புறம் கருத்தடை ஆபரேஷன், தீனி என்று கூட்டினால் மூவாயிரத்தைத் தொட்டுவிடும். அதைச் சொன்னதும் எதிர்முனையில், "ஏனுங்க அக்கா, சந்தையில ஜோடியே ஐந்நூறுக்குக் கிடைக்குதுங்களே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். போய் அந்த ஜோடியை வாங்கியும் விடுவார்கள். இரண்டும் பெட்டை என்று கடைக்காரர் சொன்னது நாலைந்து மாதத்தில் பொய்யாகும். சினைக்காலம் முப்பத்தொரு நாள்தான், ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். அந்தக் குட்டிகள் கடைசியில் நம் வாசலுக்குத்தான் வரும். விலையை ஏற்றி ஒரு முயலைக் காப்பாற்றப் பார்த்தால் பத்து முயலுக்கு வழி செய்ததாகிவிடுகிறது. தவிர, மூவாயிரம் கொடுத்தவர் "காசு கொடுத்து வாங்கினது" என்கிற நினைப்பில் அடுத்த மாதத்திலிருந்து போனை எடுப்பதில்லை.

இனி டெபாசிட். நான் வாங்குவது 2000. அதில் 500 கட்டணம், திரும்பாது. 1500 திரும்பும். குட்டியாகக் கொடுத்திருந்தால், ஆபரேஷன் செய்த டாக்டர் சீட்டைக் காட்டும் அன்று. ஏற்கெனவே ஆபரேஷன் ஆன முயலென்றால், ஆறு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் அன்று. கையில் இரண்டாயிரம் கொடுத்துவிட்டுக் கறிக்கு அறுக்க யாருக்கும் கட்டாது. திரும்ப வேண்டிய பணம் நம்மிடம் இருப்பதால் அவர்களே கூப்பிடுகிறார்கள்: "அக்கா, வேலி மசால் தழை நிறையப் போடலாமா?", "ரெண்டு நாளா புழுக்கை சின்னதா வருது, என்ன பண்றது?" இந்த இரண்டாவது கேள்வி ஒரு முயலின் உயிரைக் காப்பாற்றும். புழுக்கை சிறுத்து, தீனி எடுக்காமல் ஒரு மூலையில் குன்றி உட்கார்ந்தால் குடல் இயக்கம் நின்றுவருகிறது என்று அர்த்தம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது.

சட்டத்தை நம்பலாமே என்பார்கள் சிலர். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். 1500 ரூபாய் அதைவிட எவ்வளவோ கனம்.

இதில் தொல்லையும் இல்லாமல் இல்லை. அடுத்தவர் காசு நம் கையில் இருக்கிறது. தனிக் கணக்கு வேண்டும், ரசீது வேண்டும், மருந்துக்கடைக்காரர் பாக்கி கேட்கிறாரே என்று அதிலிருந்து எடுத்துவிடக்கூடாது. படிவம் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் இருப்பது நல்லது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் மட்டுமே எழுதப் படித்தவர்கள் இங்கே நிறைய. முயல் செத்துப்போனாலும் உடனே சொன்னால் பணம் திரும்பும் என்று எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாவை மறைப்பார்கள், எதனால் என்று நமக்குத் தெரியாமலே போகும்.

ஆபரேஷனுக்கு எந்த டாக்டர் என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும். பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் மாட்டையும் ஆட்டையும் நன்றாகப் பார்ப்பார்கள். முயல் பழக்கமான டாக்டருக்குப் பெரும்பாலும் கோவைக்குத்தான் போக வேண்டியிருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: "ராத்திரியே பட்டினி போட்டுக் கொண்டு வாங்க" என்று சொன்னால் வேறு இடம் பார்க்கவும். நாய், பூனைக்கு அது சரி. முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது, பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும்.

வீடு என்று வந்தால் தோட்டத்து வீடா, ஃபிளாட்டா? எல்லாரும் தோட்டம் என்பார்கள். அருகம்புல், கோ-4 தீவனப்புல், வேலி மசால் எல்லாம் காலடியில் கிடைக்கும் என்பது உண்மை. விலை கொடுத்துத் தருவிக்கும், பெட்டியில் அடைத்த காய்ந்த புல்லுக்கு அவசியமே இல்லை. ஆனால் கீரி, பூனை, தெருநாய் இருக்கின்றன. கூண்டு தகரக் கூரைக்குக் கீழே இருந்தால் மார்ச், ஏப்ரலில் அது அடுப்பு. முப்பது டிகிரிக்கு மேலேயே முயல் திணறும், பாலக்காட்டில் நாற்பதை நெருங்கும். "மத்தியானம் மூணு மணிக்குக் கூண்டு மேல வெயில் விழுமா?" என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்கிறவருக்கு முயல் கொடுக்கலாம். மண்பானையைச் சாய்த்து வைத்து அதற்குள் படுக்க விடுகிற வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். ஃபிளாட்டில் வெயில் தொல்லை குறைவு, ஒயரைக் கடிப்பதும் வீட்டுச் சொந்தக்காரரும்தான் தொல்லை. நெம்மாறை பக்கம் என்றால் நெம்மாறை-வல்லங்கி வேலா திருவிழாவின் வெடிக்கட்டு (வாணவேடிக்கை) அன்று முயலை எங்கே வைப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும். சத்தத்துக்கு மிரண்டே செத்த முயல்கள் உண்டு. என் ஓட்டு, உள்ளறை ஒதுக்கித் தரும் தோட்டத்து வீட்டுக்கு. அது கிடைக்காவிட்டால் ஃபிளாட். வெளிக்கூண்டு மட்டும்தான் என்றால் எத்தனை ஏக்கர் இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, ஒற்றையா ஜோடியா. முயல் துணையோடு வாழும் பிராணி, ஜோடியாகக் கொடுப்பதே முறை. கடுவனுக்கு ஆபரேஷன் ஆகியும் சில வாரம் வரை சினைப்படுத்தும் என்பதால் ஆறு வாரமாவது பிரித்து வைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஜோடிக்கு இரண்டு மடங்கு கேட்டால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஜோடிக்கும் அதே 500, அதே 1500.