சீர்திருத்தம் 500, நிசேயா 1700: இரண்டு ஆண்டு நிறைவுகள்

புராட்டஸ்டன்ட் சபைகள் உருவாகக் காரணமான சீர்திருத்த இயக்கத்தின் 500ஆம் ஆண்டு (2017), ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 1700ஆம் ஆண்டு (2025) ஆகிய இரண்டில், முன்னதை நினைவுகூர்வதே திருச்சபைகளுக்குக் கடினமாக இருந்தது. 1517 அக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூத்தர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்த தம் 95 கருத்துரைகளை மைன்ஸ் பேராயருக்கு அனுப்பினார். அவற்றை விட்டன்பர்க் ஆலயக் கதவில் அறைந்தாரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. 1617இன் நூற்றாண்டு விழா கத்தோலிக்க எதிர்ப்பு முழக்கமாகவே அமைந்தது. மறு ஆண்டே கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தரப்புகளிடையே முப்பதாண்டுப் போர் மூண்டது. இந்தப் பின்னணியில், 2016 அக்டோபர் 31 அன்று சுவீடனின் லுண்ட் நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் தலைவர்களுடன் இணைந்து வழிபட்டது எளிய செய்தியன்று. இரு ஆண்டு நிறைவுகளில் பொதுமக்களின் கவனத்தையும் சீர்திருத்தத்தின் நிறைவே அதிகம் ஈர்த்தது எனலாம். ஜெர்மனி முழுவதும் 2017இல் அக்டோபர் 31 விடுமுறையாக அறிவிக்கப்பட்டது.

நிசேயாவுக்கு இத்தகைய சங்கடம் குறைவு. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய அச்சங்கம், கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்கு இணையானவர் அல்லர் என்ற ஆரியுஸின் போதனையை மறுத்து வகுத்த விசுவாச அறிக்கை, 381இல் விரிவாக்கப்பட்ட வடிவில் கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கும் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளுக்கும் பொதுவானது. ஆகவே 2025 நவம்பர் 28 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவும் ஆர்த்தடாக்ஸ் சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும், நிசேயா இருந்த இடமான துருக்கியின் இன்றைய இஸ்னிக்கில் ஒன்றாக வழிபட்டது இயல்பாகவே தோன்றியது. ஆயினும், ஈஸ்டரை எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்ற அச்சங்கத்தின் முடிவு மட்டும் நிலைக்கவில்லை: மேற்கத்திய சபைகளும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பின்பற்றும் இரு நாட்காட்டிகளிலும் 2025இல் ஏப்ரல் 20 என்று அமைந்த பெருநாள், 2026இல் முறையே ஏப்ரல் 5, ஏப்ரல் 12 என மீண்டும் பிரிந்துவிடுகிறது.